சிகாகோ போகும் மகளுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

சிகாகோவில் பயிற்சி கிடைத்தும் நீ இன்னும் சம்மதம் சொல்லவில்லை என்று அம்மா சொன்னாள். மாமி சொன்ன துப்பாக்கிக் கதைகள்தான் காரணமாம். நீ போக வேண்டும் என்பதே என் விருப்பம்.

மாமி சொன்னது பொய்யில்லை. 2021இல் அந்த நகரத்தில் ஏறக்குறைய 800 பேர் கொல்லப்பட்டார்கள். 27 இலட்சம் பேர் வாழும் ஊருக்கு அது பெருங்கொடுமை. 2024இல் அந்தத் தொகை 600க்குக் கீழே இறங்கிவிட்டது. ஆனால் நீ கேட்க வேண்டியது, இவை எங்கே நடக்கின்றன என்பதை. சிகாகோவை 77 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். துப்பாக்கிச் சூடுகளில் பெரும்பகுதி தெற்கிலும் மேற்கிலும் உள்ள சில பகுதிகளுக்குள்ளேயே நடக்கிறது. கறுப்பின மக்களுக்கு வீட்டுக் கடன் மறுத்து ஒதுக்கிவைத்த இடங்கள் அவை. இருந்த தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாகப் போயின. தெற்குப் பக்கத்துப் பெரிய உருக்காலை 1992இல் மூடப்பட்டது. சாகிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தெருக்களிலேயே வளர்ந்த இளைஞர்கள், ஊர் பார்க்க வந்தவர்கள் அல்ல. அவர்களைப் பெற்ற தாய்மாரை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

யுத்த காலத்தில் நம்மையும் இப்படித்தான் பார்த்தார்கள். வானொலியில் மட்டக்களப்பு என்று கேட்டாலே, கொழும்பில் இருந்த உறவினர்களுக்கு ஊர் முழுவதும் எரிவதாகத் தோன்றும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஷெல் விழுந்த நாளில், கிழக்கே எழுவான்கரையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். நகரத்துக்குள்ளும் சாவுகள் நடந்தன, மறைக்கவில்லை. ஆனாலும் எந்தத் துறையில் எந்நேரம் தோணி ஏறலாம், எந்த வீதியில் பொழுதுபட்டால் போகக்கூடாது என்பதெல்லாம் இங்கே வாழ்ந்த நமக்குத் தெரிந்திருந்தது.

அங்கே உனக்கு நேரக்கூடியது திருட்டு. ஓஹேர் விமான நிலையத்திலிருந்து நகர நடுவுக்கு நீலப் பாதை ரயில் இரவு பகலாக ஓடுகிறது. அதில் கதவோரமாக நின்று கைத்தொலைபேசியைப் பார்க்காதே. கதவு மூடப்போகும் நேரம் பார்த்துப் பறித்துக்கொண்டு வெளியே பாய்ந்துவிடுவார்கள்; நீ உள்ளே மாட்டிக்கொள்வாய், ரயில் புறப்பட்டுவிடும். இருட்டிய பிறகு என்றால் சாரதி இருக்கும் முதற்பெட்டியில் ஏறு. அதிகம் பிந்திவிட்டால் வாடகைக் காரில் போ, காசைப் பார்க்காதே.

விபுலாநந்த அடிகள் தொடங்கிய சிவானந்தாவில் படித்தவன் நான். சிகாகோ என்ற பெயரே விவேகானந்தர் வழியாகத்தான் என் காதில் விழுந்தது. 1893இல் அவர் பேசிய கட்டடம் இன்று ஓவிய அருங்காட்சியகமாக இருக்கிறது. மிச்சிகன் அவென்யூவில், ஏரிக்குக் கிட்ட. பகலில் தாராளமாக நடந்து போகலாம். எனக்காகவும் ஒரு முறை உள்ளே போய்ப் பார்.

சம்மதக் கடிதத்தை இந்தக் கிழமையே அனுப்பிவிடு. தங்குமிடத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் முகவரியை எனக்கு அனுப்பு. எந்தத் தெரு, ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று நானும் வரைபடத்தில் பார்க்கிறேன். மாமியோடு நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா