இரண்டு கடப்பாரை, ஐந்து மண்வெட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற திங்கட்கிழமை தங்கள் நாளிதழில், போன ஆண்டு கோடை விடுமுறையில் எங்கள் ஊரில் முகாமிட்ட நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்குக் கல்லூரியில் நடந்த பாராட்டு விழாச் செய்தி வந்திருந்தது. ‘ஏழே நாளில் கிராமத்தில் நிலைத்த மாற்றம்’ என்று தலைப்பு. படித்துவிட்டு வாசலுக்கு வந்து ஊரைப் பார்த்தேன். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அச்சிட்டிருந்தீர்கள். ஒருவேளை மாற்றம் அந்த ஊரில் நிலைத்திருக்கலாம்.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. பள்ளிக்கூடத் தரையில் படுத்து, எங்கள் உப்புத் தண்ணீரில் குளித்து, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஊருணிக் கரையில் அவர்கள் ‘அகற்றிய’ சீமைக் கருவேலத்தைப் பற்றித் தங்களுக்குத் தெரியாததா? வெட்டினால் சாகிற மரமா அது? ஒரு தூர் இருந்த இடத்தில் ஐந்து கிளம்பும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னதென்று மாவட்டமே வெட்டிக்கொண்டிருந்த 2017-லேயே இதை நாங்கள் பார்த்துவிட்டோம். “தம்பி, வேரோடு எடுங்கள்” என்று கூடவே நின்று சொன்னேன். “நாளைக்குச் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் ஐயா, நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது” என்றார்கள். இன்று அந்தக் கரையில் ஆடுகூட இறங்குவதில்லை.

மரக்கன்று நட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். இராமநாதபுரம் சீமையில் சித்திரை வெயிலில் கன்று நடுகிறவர்களை இப்போதுதான் பார்த்தேன். நாங்கள் ஐப்பசி மழை விழட்டும் என்று காத்திருப்போம். நட்டதில் இரண்டு வேம்பு பிழைத்திருக்கின்றன. இரண்டும் டீக்கடை வாசலில். கண்ணாடி டம்ளர் கழுவிய தண்ணீர் குடித்து வளர்ந்தவை.

மூன்று ஆண்டாக மூன்று கல்லூரிகள் வந்து, வீட்டில் கழிப்பறை உண்டா என்று கணக்கெடுத்துப் போயின. உண்டு, தண்ணீர்தான் இல்லை என்கிறோம். அந்தப் பதிலை எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாதாம். இந்தத் தண்ணீரைப் பற்றித்தான் 2019-இல் தங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். வெளிவரவில்லை. இடப் பற்றாக்குறை இருந்திருக்கும். பாராட்டு விழாவில் பொன்னாடை போர்த்தும் படத்துக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்திருக்கிறது.

விவரம் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். காந்தி நூற்றாண்டையொட்டி 1969-இல் தொடங்கிய திட்டம் இது. 1981-இல் நானும் அந்தச் சக்கரச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு ஒரு கிராமத்துக்குப் போய் மண் சாலை போட்டவன்தான். சான்றிதழ் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. சாலை இருக்கிறதா என்று ஒரு தடவையும் போய்ப் பார்க்கவில்லை. அந்த ஊரிலும் ஒரு கிழவர் எங்களைத் திட்டியிருப்பார்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகாமுக்கு வந்த ஒரு பெண், என் மனைவிக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தாள். வங்கியில் இப்போது கைநாட்டு இல்லை. மாதம் ஒருமுறை அந்தப் பெண் தொலைபேசியில் பேசுகிறாள். “ஊருணி எப்படி இருக்கிறது அம்மா?” என்று மறக்காமல் கேட்கிறாள். நன்றாக இருக்கிறது என்கிறாள் இவள். நான் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். தங்கள் செய்தியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அடுத்த முகாமை ஐப்பசியில் வைக்கச் சொல்லுங்கள் என்றால் கல்லூரிக்கு அப்போது விடுமுறை இல்லை என்பார்கள். போகட்டும். முகாம் வேலைக்கென்று எங்கள் தெருவில் இரவல் வாங்கிய இரண்டு கடப்பாரையும் ஐந்து மண்வெட்டியும் அவர்கள் ஏறிய பஸ்ஸிலேயே போய்விட்டன. திருப்பி அனுப்பும்படி தங்கள் இதழில் ஒரு வரி போட்டால் உதவியாக இருக்கும். மண்வெட்டிப் பிடிகளில் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல்காரர்,
இராமநாதபுரம் மாவட்டம்.
(ஊர்ப் பெயரை அச்சிட வேண்டாம். மறுபடியும் தப்பாகத்தான் வரும்.)