குடியிருப்போர் நலச்சங்க ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், இங்கே வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வர இயலாதவர்களின் வீடுகளுக்கு இந்த அறிக்கையின் நகல் வந்து சேரும். அவர்கள்தாம் இதை முதலில் படிக்க வேண்டும்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. சுதந்திர நாள், குடியரசு நாள் கொடியேற்றங்களும் பொங்கல் விளையாட்டுப் போட்டிகளும் வழக்கம்போல் நடந்தன. பழுதான தெருவிளக்குகள் மாற்றப்பட்டன.

இந்த ஆண்டின் பெரிய வேலை நம் தெரு மழைநீர் வடிகால். மழை பிடித்தால் கடைசி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடுகிறது என்று பலமுறை மனு கொடுத்தும் ‘பணி நிறைவுற்றது’ என்ற பதில்தான் கிடைத்தது. அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி விண்ணப்பித்தோம். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அடுத்த விண்ணப்பத்தை உங்களில் யாராவது எழுத வேண்டியிருக்கும்.

சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதக் கூடாது. சட்டம் இந்த உரிமையைக் குடிமக்களுக்குத்தான் தருகிறது. சங்கத்தின் பெயரில் போனால் அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்ப இடம் உண்டு. உறுப்பினர் ஒருவர் தம் பெயரில், வீட்டு முகவரியுடன் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்ட வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரிவு 6(2) அப்படித்தான் சொல்கிறது. ‘ஏன் மூடி போடவில்லை?’ என்று கேட்டால் பதில் வராது. கோப்பில் இருப்பதைத்தான் தருவார்கள், விளக்கம் தரக் கடமை இல்லை. ‘இப்பணிக்கான மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் தருக’ என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அளவுப் புத்தகம் என்பது முடித்த வேலையின் அளவுகளைப் பதியும் ஏடு. அலுவலகம் மாறிப் போய்விட்டாலும் கவலை இல்லை. 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

நமக்கு 30 நாளில் பதில் வரவில்லை. இங்கேதான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கெடு முடிந்ததிலிருந்து 30 நாளுக்குள் அதே துறையின் மேல்நிலை அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்க முடியும். நாம் ஆணையம் வரை போக வேண்டியிருக்கவில்லை. முதல் மேல்முறையீட்டிலேயே நகல்கள் வந்தன. கெடு தாண்டிவிட்டதால் பக்கத்துக்கு 2 ரூபாய்க் கட்டணமும் கேட்க முடியவில்லை. விண்ணப்பம், ஒப்புகை அட்டை, மேல்முறையீட்டு நகல் மூன்றும் ஒரே கோப்பில் இருந்ததால்தான் இது நடந்தது.

அளவுப் புத்தகத்தில் வடிகாலின் ஆழம் முழு நீளத்துக்கும் 60 செ.மீ. என்றும், மேலே கான்கிரீட் மூடி போட்டதாகவும் பதிவாகியிருந்தது. டேப் பிடித்து அளந்தோம். கடைசிப் பகுதியில் ஆழம் 45 செ.மீ. தாண்டவில்லை, மூடியே இல்லை. தண்ணீர் ஓட வேண்டிய வாட்டம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. தண்ணீர் வீட்டுக்குள் வந்ததற்கு அதுதான் காரணம்.

ஆவணம் கைக்கு வந்தால் மட்டும் போதாது, கிராம சபையில் தீர்மானமாக வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம். நம் ஊராட்சியின் மக்கள்தொகைக்கு 200 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை. ஆகஸ்ட் 15 அன்று நம் பகுதியிலிருந்து வந்தவர்கள் ஒரு பெஞ்சில் அடங்கிவிட்டார்கள். கோரிக்கை பேச்சோடு நின்றது. வாட்ஸ்அப் குழுவில் அன்று மாலை வரை வடிகாலைப் பற்றிக் கோபமான பதிவுகள் வந்துகொண்டிருந்தன. அந்தப் பதிவுகளைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற முடியாது. அக்டோபர் 2-இல் வீடு வீடாகக் கூப்பிட்டபின் ஆட்கள் வந்தார்கள், தீர்மானம் நிறைவேறியது. தீர்மானம் புத்தகத்தில் எழுதப்பட்டு, வாசிக்கப்பட்ட பிறகே கையெழுத்திட வேண்டும். வெற்றுப் பக்கத்தில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். விடுபட்ட பகுதியில் இப்போது வேலை தொடங்கியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வடிகாலைத் தோண்டியபோது அடைத்துக் கிடந்தவை பால் கவர்களும் குழந்தைகளின் டயப்பர்களும். அவை நம் வீடுகளிலிருந்து வந்தவை. பொதுச் சொத்தைக் காப்பது அரசியலமைப்பின் 51ஏ பிரிவு குடிமக்களுக்குச் சொல்லும் அடிப்படைக் கடமைகளில் ஒன்று. ஒப்பந்ததாரரிடம் கணக்குக் கேட்கிற நாம் அதை மறக்கக் கூடாது.

வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பு முகாமும் நடத்தினோம். புதிதாகச் சேர படிவம் 6. பெயரை நீக்க 7. முகவரி மாற்றம், திருத்தம் இரண்டுக்கும் 8. வீடு மாறி வந்த பலர் படிவம் 6 நிரப்பியிருந்தார்கள். இதனால் ஒரே பெயர் இரண்டு இடத்தில் ஏறிவிடும், அது சட்டப்படி தவறு. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் 18 நிறைவது கணக்கு என்பதால், 17 வயதுப் பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டை கையில் இருந்தாலும், பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வாக்கு இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு; தபால், நகல் செலவு கூடியிருக்கிறது. சந்தா பாக்கி நிறைய நிற்கிறது. பெயர் சொல்ல விரும்பவில்லை. ஆனால் பாக்கி வைத்திருப்பவர்களில் சிலரின் வாசலுக்குத்தான் வடிகால் வேலை இப்போது வந்துகொண்டிருக்கிறது.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், முகாமுக்கு இடம் தந்த பள்ளி நிர்வாகம், படிவங்களை நிரப்பித் தந்த இளைஞர்கள் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் குடிநீர்க் குழாய்ப் பணியின் ஆவணங்களைக் கேட்க எண்ணம். ஒரே ஆள் பெயரில் எல்லா விண்ணப்பமும் போவது நல்லதல்ல. தெருவுக்கு இருவர் பெயர் கொடுத்தால் எழுதும் முறையை உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால், கோப்புகளை வரிசை எண்ணோடு ஒப்படைக்கத் தயாராக வைத்திருக்கிறேன். அடுத்த கிராம சபை மே 1. தீர்மான வரைவு என்னிடம் இருக்கிறது. முந்தைய நாள் மாலைக்குள் வந்து படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்லலாம்.

இப்படிக்கு,
செயலாளர்