“எஞ்சின் மாற்றியது” என்ற விளம்பரமும் பழைய ஹைலக்ஸும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் வாகன விற்பனை விளம்பரங்களில் “3 எல் எஞ்சின் போட்டது, உடன் ஓடலாம்” என்ற வரி அடிக்கடி வருகிறது. 3 எல் என்பது டொயோட்டாவின் ஒரு டீசல் எஞ்சின் வகை. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் எஞ்சின் செத்த டீசல் ஹைலக்ஸைக்கூட யாரும் எறியவில்லை. நாம் டொல்பின் என்று அழைக்கும் ஹையேஸ் வானிலிருந்து ஓர் எஞ்சினைக் கழற்றி ஏற்றி, பெயின்ற் அடித்து விற்றார்கள். அப்படி ஒரு பிக்கப் வாங்கியவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் இக்கடிதத்தைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

எஞ்சின் மாற்றுவதில் பிழை இல்லை. 2 எல் 2,446 சிசி, 3 எல் 2,779 சிசி, 5 எல் 2,986 சிசி. மூன்றும் ஒரே குடும்பம். 2 எல் இருந்த இடத்தில் 3 எல் அதிகம் முரண்டு பிடிக்காமல் உட்காரும், கியர்பொக்ஸும் பொருந்தும். ஆபத்து இந்தச் சுலபத்தில்தான் இருக்கிறது. காலையில் தூக்கி மாலையில் ஸ்ராட் பண்ணிவிடலாம். எஞ்சினைச் சுற்றியுள்ள இருபது சின்னச் சாமான்கள் “பிறகு பார்ப்போம்” என்று விடப்படுகின்றன. அந்தப் “பிறகு” உங்கள் தலையில் விழுகிறது.

முதலில் பிரேக். சத்தம், புகை, சூடு எல்லாம் அதற்குப் பிறகு. பெற்றோல் எஞ்சினைப்போல டீசல் எஞ்சினின் காற்றுக் குழாயில், மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பிரேக் பூஸ்ரருக்கு வேண்டிய வெற்றிடம் கிடைக்காது. அதற்கென்று ஒரு வக்யூம் பம்ப் வேண்டும். எல் எஞ்சின்களில் அது ஒல்ரனேற்றரின் பின்பக்கத்தில் அதே தண்டில் சுழல்கிறது. ஒல்ரனேற்றர் பழுதாக இருந்தால் கையில் கிடைத்த பெற்றோல் கார் ஒல்ரனேற்றரைப் பூட்டிவிடுவார்கள். பற்றரி சார்ஜ் ஆகும், பிரேக் கல்லாகிவிடும். பூஸ்ரர் ஹோசைக் காற்றுக் குழாயில் செருகி ஒப்பேற்றிய வண்டிகளும் ஓடுகின்றன. சோதிப்பது மிக எளிது. எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக்கை ஐந்தாறு தடவை மிதியுங்கள். பெடல் இறுகியதும் மிதித்தபடியே ஸ்ராட் பண்ணுங்கள். கால் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பம்ப் இல்லை, அல்லது ஹோஸ் ஒழுகுகிறது, அல்லது ஹோசில் உள்ள ஒருவழி வால்வு தலைகீழாகப் பூட்டப்பட்டிருக்கிறது. ஹோஸ் வெற்றிடத்துக்கென்று செய்த தடித்த ரப்பராக இருக்க வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பிளாஸ்ரிக் குழாய் சூட்டில் இளகி, உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும்.

பம்ப் சரியாக இருந்தாலும் அதன் ஒயில் குழாய்களைப் பாருங்கள். மெல்லிய குழாயில் ஒயில் போகிறது, தடித்த ஹோசில், எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தொட்டியான சம்புக்குத் திரும்புகிறது. திரும்பும் ஹோசை மடித்தோ ஒடுக்கமான குழாயை மாட்டியோ வைத்தால் ஒயில் தேங்கி ஒல்ரனேற்றருக்குள் இறங்கி, பிரஷ்களைத் தின்றுவிடும். அடிக்கடி ஒல்ரனேற்றர் திருத்தும் வண்டிகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

அடுத்து ஒயில் சம்ப். ஹையேஸில் எஞ்சின் இருக்கைக்குக் கீழே, ஹைலக்ஸில் பொனற்றுக்குக் கீழே. இரண்டின் சம்பும் ஒரே வடிவம் அல்ல. நான்கு சில்லு இழுவை வண்டியில் முன் டிஃபரன்ஷியல் இடிக்கும் என்பதால் பழைய ஹைலக்ஸ் சம்பையே திரும்பப் போடுகிறார்கள். அது சரி. ஆனால் உள்ளே ஒயிலை உறிஞ்சும் வலைக்குழாயை ஹையேஸினதாகவே விட்டுவிடுகிறார்கள். அப்போது வலை சம்பின் தரையில் ஒட்டி அடைபடும், அல்லது ஆழமில்லாத பக்கம் தொங்கும். சமதரையில் ஒன்றும் தெரியாது. பாலம் ஏறும்போதோ பிரேக் அடிக்கும்போதோ ஒயில் விளக்கு மினுங்கும். பலர் விளக்கின் வயரைக் கழற்றிவிட்டு நிம்மதியாக ஓடுகிறார்கள்! சம்ப், வலைக்குழாய், ஒயில் அளக்கும் கோல், கோல் போகும் குழாய் நான்கும் ஒரே வண்டியினதாக இருக்க வேண்டும். சம்பைக் கழற்றினால் வலைக்கு நேர்கீழே ஓர் உருண்டை களிமண் வைத்து, சம்பைத் தற்காலிகமாகப் பூட்டிக் கழற்றி, நசுங்கிய களிமண்ணின் தடிப்பை அளந்து பாருங்கள். 10 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் நல்லது.

ஒயில் சென்சரிலும் ஒரு குழப்பம் உண்டு. விளக்குக்கான சுவிட்ச் சிறியது, மீற்றருக்கு அளவை அனுப்பும் சென்சர் மணிபோலப் பருத்தது. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் பூட்டினால் டாஷ்போர்டு பொய் சொல்லும். வெப்ப மீற்றருக்கும் இதே கதை. ஆகவே மாற்றிய எஞ்சினில் எந்த மீற்றரையும் ஒருதடவை வெளிக்கருவியால் ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது.

மின்சாரப் பக்கம் வருவோம். ஜப்பானிலிருந்து வந்த எஞ்சின் டைனா போன்ற 24 வோல்ட் லொறியினதாக இருக்கலாம். அப்படியே 12 வோல்ட் பிக்கப்பில் ஏற்றினால் ஸ்ராட்டர் நொண்டும். டீசலைப் பீச்சும் பம்பின் மேல் உள்ள எரிபொருள் நிறுத்தி சொலனொயிட் 24 வோல்ட் என்றால், ஸ்ராட்டர் சுழலும்போது பற்றரி 10 வோல்ட்டுக்கு இறங்கியதும் அது இழுக்காது. எஞ்சின் சுற்றும், பிடிக்காது. தள்ளி ஸ்ராட் பண்ணினால் பிடிக்கும். “பம்ப் பழுது” என்று சொல்லிப் பம்பைக் கழற்றுவதற்கு முன் சொலனொயிட்டின் உடம்பில் அடித்திருக்கும் வோல்ட் எண்ணை வாசியுங்கள்.

குளிர்ந்த எஞ்சின் பிடிப்பதற்காக முன்கூட்டியே சூடாக்கும் ஹீற்றர் பிளக் விசயம் இன்னும் மோசம். எல் எஞ்சின்களுக்கு குறைந்த வோல்ட் பிளக்கும் உண்டு, 12 வோல்ட்டுக்கானதும் உண்டு, 24 வோல்ட்டுக்கானதும் உண்டு. குறைந்த வோல்ட் பிளக் ரைமரும் ரெசிஸ்ரரும் சேர்ந்து கட்டுப்படுத்தும் ஏற்பாட்டுக்காகச் செய்யப்பட்டது. எஞ்சின் மாற்றியவர் ரைமரை வெட்டிவிட்டு, டாஷ்போர்டில் ஓர் அழுத்துப் பொத்தான் வைத்து நேரே 12 வோல்ட் கொடுத்திருப்பார். பழக்கத்தில் இருபது விநாடி அழுத்துவீர்கள். பிளக்கின் முனை வீங்கும். பிறகு கழற்றப் போனால் துளைக்குள் இறுகி முனை ஒடிந்துவிடும். ஒடிந்த துண்டு உள்ளே விழுந்தால் பிஸ்ரனுக்கு வேலை வந்துவிடும். பிளக்கில் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்து நாலையும் ஒரே வகையாக வாங்கி, அதற்குரிய ரைமரோடு பூட்டுவதே வழி. நமது வெயிலில் நல்ல கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன்) உள்ள எஞ்சினுக்குச் சில விநாடிகளே போதும். காலையில் நெடுநேரம் சூடாக்கித்தான் பிடிக்கிறது என்றால் பிளக்கைக் குறை சொல்லாமல் கொம்பிரஷனை அளந்து பாருங்கள்.

ஸ்ராட்டர் மெதுவாகச் சுற்றினால் புதுப் பற்றரி வாங்க ஓட வேண்டாம். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நேர் முனையிலும் மற்றதை ஸ்ராட்டர் போல்ட்டிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயர் மெலிது அல்லது இணைப்பு உளுத்தது. இதேபோல் பற்றரியின் எதிர் முனைக்கும் எஞ்சின் பிளொக்குக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. எஞ்சினுக்கும் சசிக்கும் இடையிலான பூமி வயரைத் திரும்பப் பூட்ட மறந்த வண்டிகள் ஏராளம். அப்போது மின்சாரம் அக்சிலேற்றர் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சூடாகி உறை உருகி இறுகும். யாரும் அதை மின்சாரப் பழுது என்று நினைப்பதில்லை.

சூடு. எல் எஞ்சின்களைச் சாகடிப்பது பெரும்பாலும் இதுதான். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் ஒருதடவை நன்றாகச் சூடேறினால் வால்வுகளுக்கு இடையில் விரிசல் விழும். மாற்றிய வண்டிகளில் மூன்று குற்றங்கள் சேர்ந்தே காணப்படும். ஒன்று, ரேடியேற்றர் பழையது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரை ஆண்டுக்கணக்காக ஊற்றியதால் குழாய்களுக்குள் கேத்தலில் படிவதுபோல் வெள்ளையாகப் படிந்திருக்கும். வண்டி சூடான நிலையில் எஞ்சினை நிறுத்தி, இன்ஃப்ராரெட் வெப்பமானியை ரேடியேற்றர் முகம் முழுக்க நகர்த்துங்கள். நடுவில் திடீரென்று குளிர்ந்த பட்டைகள் வந்தால் அந்தக் குழாய்கள் அடைத்துவிட்டன. இரண்டு, விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக் கூண்டு பொருந்தவில்லை என்று எறியப்பட்டிருக்கும். கூண்டு இல்லாவிட்டால் விசிறி தன்னைச் சுற்றியுள்ள காற்றையே சுழற்றும், ரேடியேற்றர் வழியாக இழுக்காது. வெட்டி ஒட்டியாவது கூண்டைத் திரும்பப் போடுங்கள்.

மூன்றாவது, தண்ணீர் சூடேறியபின் ரேடியேற்றருக்கு வழிவிடும் தெர்மோஸ்ராற். “நம்ம ஊருக்கு அது தேவையில்லை” என்று பிடுங்கி எறிவார்கள். அடியில் தட்டு உள்ள வகை தெர்மோஸ்ராற் திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸ் வழியை மூடுகிறது. அதைப் பிடுங்கினால் பைபாஸ் எப்போதும் திறந்திருக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே எஞ்சினைச் சுற்றும். வெறும் வண்டியில் குளிராக ஓடும், சுமையேற்றினால் கொதிக்கும். புதிதாக வாங்கும்போது பானைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, அதில் அடித்திருக்கும் வெப்பநிலையில் திறக்கத் தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். காய்ச்சி வடித்த நீரும் கூலன்ற்றும் பாதிக்குப் பாதி. கிணற்று நீர் வேண்டாம்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் பண்ணி ஒரு நிமிடத்திலேயே ரேடியேற்றரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் ஹெட்டிலோ அதன் அடியில் உள்ள காஸ்கட்டிலோ வழி விட்டிருக்கிறது. ஹெட்டைத் தூக்கும்போது காஸ்கட்டைக் கவனியுங்கள். 2 எல்லின் சிலிண்டர் 92 மில்லிமீற்றர், 3 எல்லினது 96. கடையில் “ஹைலக்ஸ் டீசல்” என்று கேட்டு 2 எல் காஸ்கட் வாங்கிப் போட்டால் அதன் நெருப்பு வளையம் சிலிண்டருக்குள் சுற்றிலும் நீட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நாளில் எரிந்துவிடும். பிளொக்கில் எழும்பியிருக்கும் 2 எல், 3 எல் எழுத்தைப் பார்த்துச் சாமான் வாங்குங்கள். பிஸ்ரன்கள் பிளொக்கின் மேல் எவ்வளவு நீட்டி நிற்கின்றன என்று, நுண்ணிய அளவைக் காட்டும் டயல் கேஜால் அளந்து, மிக உயர்ந்த பிஸ்ரனுக்கு ஏற்ற தடிப்பில் காஸ்கட் தெரிய வேண்டும். சீவிய ஹெட்டில் விரிசல் சோதனை செய்யாமல் பூட்டுவது காசை இரண்டுதரம் செலவழிக்கும் வேலை.

கறுப்புப் புகைக்கு வருவோம். ஆண்டுதோறும் புகைப் பரிசோதனையில் தேறாமல் வருமான அனுமதிப் பத்திரம் எடுக்க முடியாது. 3 எல் பிளொக்கில் பழைய 2 எல் டீசல் பம்பைப் பூட்டினால் இழுவை குறையும். அதை ஈடுகட்டப் பம்பின் பின்புற எரிபொருள் திருகை முறுக்குகிறார்கள். கால் சுற்றே மிக அதிகம். 3 எல்லுக்குரிய பம்பைப் போட்டு, டீசல் பீச்சும் நேரமான ரைமிங்கைக் காதால் அல்லாமல் டயல் கேஜால் வையுங்கள். பம்பின் பின் நடுப் போல்ட்டைக் கழற்றி கேஜைப் பூட்டி, முதலாம் சிலிண்டர் உச்சிக்கு வரும்போது பிளஞ்சர் எவ்வளவு நகர்கிறது என்பதை மனுவலோடு ஒப்பிட வேண்டும்.

ரைமிங் பெல்ற் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று விற்றவருக்கும் தெரியாது. ஆகவே வாங்கியவுடன் மாற்றுங்கள், ரென்ஷனரோடும் ஒயில் சீல்களோடும். அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதும். குறிகளைப் பொருத்தியபின் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றித் திரும்பப் பாருங்கள்.

கியர்பொக்ஸ் பக்கம் ஒரேயொரு விசயம் சொல்கிறேன். எஞ்சினுக்கும் கியர்பொக்ஸின் முன்கூடான பெல் ஹவுசிங்குக்கும் இடையில், இரண்டையும் நேராக நிறுத்தும் இரண்டு டவல் பின்கள் உண்டு. இறுக்கமாக இருக்கிறது என்று அவற்றைத் தட்டி எறிந்துவிடுவார்கள். போல்ட் மட்டும் பிடித்தால் எஞ்சின், கியர்பொக்ஸ் இரண்டின் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. கிளச் பிளேற்றின் நடுப்பகுதி வருடத்துக்கு ஒருதரம் உடையும். பிளைவீல் நடுவிலுள்ள சிறிய பைலட் பெயறிங் இல்லாவிட்டாலும் இதே தொல்லைதான். எஞ்சினைத் தாங்கும் மவுன்ற்றுக்குக் கீழே மரத்துண்டு, தட்டிரும்பு வைத்திருந்தால் எடுத்துவிட்டுச் சரியான மவுன்ற் போடுங்கள். காலையில் பிடித்து உடனே நின்றுவிடும் வண்டிக்கு டீசல் பம்புக்கு முன்னால், உள்ளே தெரியும் பிளாஸ்ரிக் குழாய் ஓர் அடி போட்டுப் பாருங்கள். குமிழ் வந்தால் காற்று இழுக்கிறது.

கடைசியாகப் பத்திரம். எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் பதிவுச் சான்றிதழில் இருப்பதோடு ஒத்திருக்க வேண்டும். 2,446 என்று எழுதிய பதிவுப் புத்தகத்தோடு 2,779 சிசி எஞ்சின் ஓடும் வண்டியை வாங்கினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவை மாற்றும் அலைச்சல் உங்களுடையது. எஞ்சின் வாங்கிய ரசீதையும் இறக்குமதிப் பத்திரத்தையும் விற்பவரிடம் பணம் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். “எஞ்சின் மாற்றியது” என்று விளம்பரம் கொடுப்பவரிடம், எந்த வாகனத்தின் எஞ்சின், புத்தகத்தில் பதியப்பட்டதா என்ற இரண்டு விவரத்தையும் சேர்த்து எழுதித் தரும்படி உங்கள் விளம்பரப் பிரிவு கேட்கலாமே.

இப்படிக்கு,
வாகனத் திருத்துநர் ஒருவர்,
கிளிநொச்சி.