பாக்கி எடுக்கும் நாளையும் சொல்லுங்கள்

நீலகிரி மாவட்டத்தில் கிரெடிட் கார்டு வழங்கும் வங்கிகளின் கிளை மேலாளர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி நான். இந்த மாதம் தொழிற்சாலைக்குப் போட்ட பச்சைத் தேயிலைக்கு அடுத்த மாதம்தான் பணம் வரும் என்பதாலும், மழை பிடித்ததும் உரம் போட்டாக வேண்டும் என்பதாலும், ஒவ்வொரு ஜூனிலும் 25,000 ரூபாய் வரம்புள்ள கார்டில் 21,000 ரூபாய்க்கு உரம் வாங்கி, இலைக் காசு வந்ததும் கெடு நாளுக்குள் முழுவதையும் கட்டிவிடுவது என் வழக்கம். ஐந்து ஆண்டுகளில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

சென்ற ஜூலை முதல் வாரத்தில், வீட்டின் தகரக் கூரையை மாற்றக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குச் சென்றேன். அதிகாரி என் கடன் அறிக்கை இருந்த கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தாமத நாட்களுக்கான கட்டங்களில் ஒவ்வொரு மாதமும் ‘000’ என்றே இருந்தது. ஆனால் வரம்பு 25,000, தற்போதைய பாக்கி 21,000 என்ற வரியில் விரலை வைத்து, 84 சதவீதம் பயன்படுத்தியிருப்பதால் கடன் மதிப்பெண் இறங்கியிருக்கிறது என்றார். ஏப்ரலில் 771 ஆக இருந்தது அன்று 722. கடன் கிடைக்கவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் ஒழுகும் கூரையின் கீழ்தான் இருந்தோம்.

கார்டு கொடுக்கும்போது நீங்கள் கெடு நாளை மூன்று முறை சொல்கிறீர்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு எந்த நாளின் பாக்கியை அனுப்புகிறீர்கள் என்பதை ஒரு முறையும் சொல்வதில்லை. 300 முதல் 900 வரையிலான அந்த மதிப்பெண்ணில், வரம்பில் எத்தனை பங்கு பாக்கியாக நிற்கிறது என்பதும் எடைபோடப்படுகிறது. பிறகு முழுவதும் கட்டப் போகிறவரா, குறைந்தபட்சத் தொகையோடு நிறுத்தப் போகிறவரா என்பது அந்த நாளின் தொகையில் தெரியாது. 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சட்டம் போட்ட கோடு அல்ல என்றாலும், எட்டத்தில் நிற்க உதவும் ஓர் அடையாளம். தாமதமாகக் கட்டியது அறிக்கையில் ஆண்டுக் கணக்கில் தங்கும். அதிகப் பாக்கியால் இறங்கிய மதிப்பெண்ணோ, பாக்கி குறைந்த தகவல் போய்ச் சேர்ந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். 2025 ஜனவரி 1 முதல் குறைந்தது பதினைந்து நாட்களுக்கு ஒரு முறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. இது தெரிந்திருந்தால் பாதி உரத்தை ரொக்கத்துக்கு வாங்கியிருப்பேன், அல்லது மூன்று வாரம் கழித்து மனுப் போட்டிருப்பேன்.

என் அண்டை வீட்டுக்காரருக்கு நேர்ந்தது வேறு விதம். 25,000, 15,000 என இரண்டு கார்டுகள் வைத்து மொத்தம் 12,000 ரூபாய் பயன்படுத்தி வந்தவர், கடன் சுமை குறையட்டும் என்று சும்மா கிடந்த சிறிய கார்டை மூடினார். 30 சதவீதமாக இருந்த பயன்பாடு, ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவழிக்காமலே 48 ஆனது. மூடும் படிவத்தை வாங்கிக்கொண்டவர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்களாகவே வரம்பைக் குறைக்கும்போதும் இதுவேதான் நடக்கிறது.

ஆகவே, கார்டோடு தரும் தாளில், கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புவதற்காகப் பாக்கி எடுக்கும் நாளைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். பில் சுழற்சியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமையை ரிசர்வ் வங்கி எங்களுக்குத் தந்திருக்கிறது. பில் தொகையையே நீங்கள் அனுப்புவதாக இருந்தால், இலைக் காசு வரும் நாளுக்குப் பின் பில் நாள் விழும்படி மாற்றித் தர முன்வாருங்கள். கடன் மனுவைத் திருப்பும் முன், தாமதக் கட்டங்கள் எல்லாம் சுத்தமாக இருப்பவரிடம், பாக்கியைக் கட்டிவிட்டு அடுத்த அறிக்கை வந்ததும் வாருங்கள் என்று சொல்லி அனுப்புங்கள். அடுத்த ஜூன் மழைக்கு முன் இவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி வட்டம்