திருவிருந்துக்கு எழுந்து வராத பையன்: வாலிபர் வகுப்பு எடுக்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு, ஸ்தோத்திரம்.

உன் வகுப்பில் பிளஸ் ஒன் படிக்கிற பையன் மூன்று மாதமாகத் திருவிருந்துக்கு, அதாவது ஆராதனையில் அப்பமும் ரசமும் பகிரும் கர்த்தருடைய பந்திக்கு, எழுந்து வருவதில்லை, கேட்டால் "சும்மாதான் அண்ணே" என்று நழுவுகிறான் என்று எழுதியிருந்தாய். தன் விசுவாசத்தைச் சபை முன் அறிக்கையிட்டுத் திடப்படுத்தல் எடுத்தவன், கொயரிலும் பாடுகிறவன். அப்படியென்றால் வசனம் தெரியாத கோளாறு இது இல்லை. பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9-ஐத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். இன்னொரு தடவை அதையே சொல்லி அனுப்பினால், தலையாட்டிவிட்டு அடுத்த மாதமும் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பான்.

இந்த வயதுப் பிள்ளைகளின் மனதில் ஒரு தராசு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தட்டில் செய்த தப்பு, மறு தட்டில் தன்னுடைய அழுகை. மே மாத முகாமில் கண்ணீர் விட்டு ஒப்புக்கொடுக்கிறான். பள்ளி திறந்து மூன்று வாரத்தில் ராத்திரி போர்வைக்குள் போன் மறுபடி எரிகிறது. உடனே தராசு சாய்கிறது: "அன்றைக்கு அழுததே பொய். நான் வேஷக்காரன்." செய்த தப்பைவிட, திரும்பச் செய்த தப்புதான் அவனை ஒடிக்கிறது. நாமும் சும்மா இருந்ததில்லை. "பொய் சொன்னா இயேசப்பா அடிப்பார்" என்று சொல்லித்தானே வளர்த்தோம்?

ஆகவே அதே வசனத்தை அவனோடு மெதுவாக வாசி. மன்னிப்பதற்கு அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்றுதான் யோவான் எழுதுகிறார். அந்த இடத்தில் இரக்கம் என்ற சொல்லை எதிர்பார்ப்போம், அது இல்லை. உண்மை என்றால் சொன்ன சொல் தவறாதவர். நீதி என்றால், கிறிஸ்து சிலுவையில் தீர்த்த கடனை இவனிடம் இரண்டாம் தரம் வசூலிக்காதவர். மன்னிப்பு தொங்குவது அவருடைய சொல்லில். இவன் எத்தனை சொட்டுக் கண்ணீர் விட்டான் என்ற கணக்கு அந்த வசனத்தில் எங்கேயும் இல்லை. பென்சிலைக் கொடுத்து, "இதில் நீ செய்யவேண்டியது எது, அவர் செய்வது எது? கோடு போடு" என்று சொல். இவன் பங்குக்கு வருவது "அறிக்கையிட்டால்" என்ற ஒரே சொல். அதை அவன் கையாலேயே கண்டுபிடிக்கட்டும், நீ முந்திக்கொள்ளாதே.

திருவிருந்துக்கு வராததற்குப் பின்னால் அநேகமாக 1 கொரிந்தியர் 11:27 இருக்கும். அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய், திருவிருந்தைப் புசிக்கிறவன் குற்றவாளி என்கிற வசனம் அது. "அபாத்திரமாய்" என்ற சொல்லை "அபாத்திரன்", தகுதியற்றவன், என்று வாசித்துப் பயந்திருப்பான். அது ஆளைச் சொல்லவில்லை, சாப்பிடுகிற விதத்தைச் சொல்கிறது. 21-ஆம் வசனத்தைக் காட்டு: கொரிந்து சபையில் ஒருவன் பசியோடு இருக்க, இன்னொருவன் குடித்து வெறித்துக் கிடந்தான். பவுல் திட்டுவது அந்தக் கூத்தை. அடுத்ததாக 28-ஐ அவனையே சத்தமாக வாசிக்கச் சொல். தன்னைச் சோதித்தறிந்து "புசித்து... பானம்பண்ணக்கடவன்" என்றிருக்கிறது. சோதித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கி உட்கார் என்று இல்லை.

அதோடு லூக்கா 15. சொத்தை அழித்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பி வந்த கெட்டகுமாரன் கதை எல்லாருக்கும் தெரியும் என்று தாண்டிவிடாதே. 18, 19 வசனங்களில் அவன் புறப்படுமுன் ஒத்திகை பார்த்த பேச்சையும், 21-இல் தகப்பன் முன் சொன்ன பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல். கடைசி வரி காணாமல் போயிருக்கும்: "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்." அதைச் சொல்லுமுன் தகப்பன் வஸ்திரமும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிட்டான். உன் பையன் மூன்று மாதமாக வாழ்ந்துகொண்டிருப்பது அந்தக் காணாமல்போன வரியில்தான். கொயரில் இரட்டிப்பு உழைப்பு, நாற்காலி அடுக்குவதற்கு முதல் ஆள், பந்திக்கு மட்டும் வரமாட்டான். கூலிக்காரனாக இருந்து தீர்த்துவிடலாம் என்று பார்க்கிறான். "நான் பாத்திரனல்ல" என்று சொன்ன அந்தக் குமாரனைத்தான் பந்தியில் உட்காரவைத்தார்கள் என்பதையும் காட்டு.

இனி, பேசுகிற விதம். ஆராதனை முடிந்த கையோடு, அவன் அம்மா வாசலில் காத்திருக்கும்போது பிடிக்காதே. சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சிக்கு வருவான் அல்லவா, அப்போது முக்கால் மணி நேரம் ஒதுக்கு. கதவு திறந்திருக்கட்டும், வெளியே பெரியவர் ஒருவர் பார்வையில் இருக்கட்டும், பேச்சு மட்டும் காதில் விழாத தூரம். பெண்பிள்ளையாக இருந்தால் நீ பேசாதே, ஒரு அக்காவிடம் ஒப்படை. ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடு: "நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் உனக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்லவேண்டியிருக்கும்." எல்லாம் ரகசியம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் மீறினால், அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது.

அவன் "ஏதோ தப்பு பண்ணிட்டேன் அண்ணே" என்பான். தப்புக்கு ஒரு பெயர் வைக்க உதவு; பொய், களவு, ஆபாசப்படம், காப்பியடித்தது, எதுவோ அது. பெயர் போதும். எந்தத் தளம், எத்தனை தடவை, யாரோடு என்று குடையாதே. விவரம் கேட்பது நம் ஆர்வத்துக்குத்தான் தீனி. பெயர் சொன்னபின் அவன் வாயாலேயே இரண்டு வரி ஜெபம் பண்ணட்டும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: நாம் பத்து நிமிஷம் உருக்கமாக ஜெபித்துவிடுகிறோம், அவன் அறிக்கையே செய்யாமல் வீட்டுக்குப் போகிறான். அவன் முடித்தபிறகு, "இது மன்னிக்கப்பட்டது" என்று தெளிவாக, வாக்கியமாகச் சொல். "ஆண்டவர் பார்த்துக்குவார்" என்பது மன்னிப்பின் வார்த்தை ஆகாது.

பரிகாரத்தைத் தனியாகப் பேசு. மன்னிப்பும் விளைவும் ஒரே பையில் கிடந்தால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். பாவத்தை ஒத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் தீர்க்கதரிசி நாத்தான் "கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்" என்றான். ஆனாலும் வீட்டில் வந்த துக்கம் வந்தது. பணம் எடுத்திருந்தால் லேவியராகமம் 6:5 கணக்கே சொல்கிறது, முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும். 200 ரூபாய் எடுத்தவன் 240 கொண்டுபோய்க் கொடுக்கட்டும், கேட்டால் உண்மையைச் சொல்லட்டும். மன்னிப்புக்கு விலையாக இதை அவன் கட்டவில்லை. மன்னிப்புக் கிடைத்துவிட்டதால் கொடுக்கிறான். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, நாலு மடங்காக, திரும்பக் கொடுக்கிறேன் என்றது இயேசு அவனைப் பேர்சொல்லிக் கூப்பிட்ட பிறகு. போன்தான் சிக்கல் என்றால் பெரிய பொருத்தனை ஒன்றும் வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு அது ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். வாரத்துக்கு ஒரு தடவை, "போன் எங்கே தூங்குது?" என்று கேள். அது போதும்.

மறுபடி விழுவான். அதை முன்னாலேயே சொல்லிவை, விழச்சொல்லி அல்ல, விழுந்தால் ஒளியாமல் எழுந்து வரச்சொல்லி. பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தது கரிநெருப்பண்டையில், யோவான் 18:18. கர்த்தர் அவனுக்குக் கரையில் காலைச் சாப்பாடு வைத்திருந்ததும் கரிநெருப்பில்தான், 21:9. அந்தப் புகையின் வாசனையிலேயே மூன்று தடவை "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டு, மூன்று தடவையும் வேலை கொடுக்கிறார். அவன் தோற்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. ஆனால் பையனைக் கொயரிலிருந்து நிறுத்துவதா என்று என்னிடம் கேட்டால், இது அவனுக்குள் நடக்கிற போராட்டம் என்றால் நிறுத்தவேண்டாம். வாலிபர் கூட்டத்தில் சாட்சி சொல்லவும் ஏற்றாதே. பதினாறு வயதில் மைக்கில் சொன்னது ஊர் முழுக்கச் சுற்றும்.

"பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவம் பண்ணிட்டேனோ" என்று சிலர் நடுங்குவார்கள். மத்தேயு 12-இல் இயேசு பிசாசைத் துரத்தியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அது பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்றவர்களிடம் சொன்ன வார்த்தை அது. நடுங்கிக்கொண்டு மன்னிப்புத் தேடுகிறவன் அந்த வரிசையில் இல்லை.

ஆனால் ஒரே பாவத்தைத் தினம் பத்துத் தடவை அறிக்கையிட்டும் ஆறாத பிள்ளை இருந்தால் கவனி. அது எண்ணச் சுழற்சி நோயாக (OCD) இருக்கலாம். நீ தேற்றத் தேற்ற அது கூடும். மனநல மருத்துவரிடம் அனுப்பு. "செத்தால் தேவலை" என்று காதில் விழுந்தால் பாடத்தை மூடிவை. தனியாக விடாதே, பெற்றோரைக் கூப்பிடு, மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடு. அந்த நேரத்தில், இயேசுவைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொண்ட யூதாஸ் கதையை எடுக்கவே எடுக்காதே.

இன்னொன்று, இதுதான் அதிகம் தவறிப்போகிறது. பெரியவர் ஒருவர் தொட்டதை "நான் பண்ணின பாவம்" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அங்கே அறிக்கை ஜெபம் நடத்திவிட்டால், குற்றவாளியின் சுமையை நாமே அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டோம். "இது உன் பாவம் இல்லை" என்று சொல். குழந்தைகள் உதவி எண் 1098-க்குத் தெரிவி. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தபின் மறைப்பது குற்றம். "சபைக்குக் கெட்டபேர்" என்று எந்த மூப்பர் சொன்னாலும் அடங்காதே.

வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை அவன் எழுந்து வரிசையில் வந்தால், திரும்பிப் பார்த்துச் சிரிக்காதே. மற்றவர்களோடு அவனும் ஒருவனாக வந்துவிட்டுப் போகட்டும். வராவிட்டாலும் அன்றைக்குக் கேட்காதே, அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு வருவான்.

கர்த்தருடைய கிருபை உன்னோடிருப்பதாக.

அன்புடன்,
உன் அண்ணன்