கவர்னர் பயந்த ராத்திரியில் நாம் எங்கே இருந்தோம்?

நியூ ஜெர்சியில் குடியுரிமை வாங்கி, நாலு வருடத்துக்கு ஒருமுறை அதிபர் தேர்தலுக்கு மட்டும் ஓட்டுப் போட்டுவிட்டு மற்றதை மறந்துவிடும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், அப்புறம் உங்களிடம் வருகிறேன். 2021 அக்டோபரில் உங்கள் வீட்டுக்கு வந்ததுபோல என் வீட்டுக்கும் மாதிரி வாக்குச்சீட்டு தபாலில் வந்தது. மீண்டும் நிற்கும் ஜனநாயகக் கட்சிக் கவர்னர் ஃபில் மர்ஃபி ஒரு பக்கம், குடியரசுக் கட்சியின் ஜாக் சிட்டரெல்லி இன்னொரு பக்கம். சூடான குக்கரை இறக்கி வைக்க வேறெதுவும் கைக்கு அகப்படாததால் அதன்மேல் வைத்தேன். அடுத்த இரண்டு வாரமும் அது அந்த வேலையைத்தான் பார்த்தது. குப்பையில் போடும்போது இரண்டு பெயருக்கும் நடுவே பழுப்பாக ஒரு வட்டம். நவம்பர் 2, செவ்வாய்க்கிழமை. சாவடி இரவு எட்டு மணி வரை திறந்திருந்தது. ஏழு மணிக்கு நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். காரணமென்று சொல்ல ஒன்றும் கிடையாது.

அந்த வாரம் அம்மா போனில் பேசும்போது, "கவர்னரை எல்லாமா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பாங்க? டெல்லியிலேர்ந்துதானே அனுப்புவாங்க?" என்று கேட்டாள். இங்கே கவர்னர் என்றால் நம்ம ஊர் முதலமைச்சர் மாதிரி என்று விளக்கினேன். "அப்ப சி.எம். எலெக்‌ஷனுக்கா நீ ஓட்டுப் போடாம இருந்தே?" என்றாள். அதே வருடம் ஏப்ரல் 6-ஆம் தேதி, கொரோனா காலத்தில், ஒரு கைக்கு பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவள் அவள். பேச்சை மாற்றினேன்.

உண்மையில் நம்ம ஊர் முதலமைச்சருக்கு இல்லாத அதிகாரமெல்லாம் இந்த மாநிலக் கவர்னருக்கு உண்டு. 1947 அரசமைப்புச் சட்டம் அப்படி எழுதப்பட்டது. நீதிபதிகளையும், மாவட்ட அரசு வழக்கறிஞர்களையும், மாநில அட்டர்னி ஜெனரலையும் செனட் ஒப்புதலோடு அவரே நியமிப்பார். பட்ஜெட்டில் பிடிக்காத செலவை மட்டும் கோடு போட்டு அடித்துவிடலாம். நீங்களும் நானும் ஏறும் ரயிலை ஓட்டும் என்.ஜே. டிரான்சிட் வாரியம் கூடி ஒரு முடிவு எடுத்தால், அந்தக் கூட்டத்தின் குறிப்பையே அவர் வீட்டோ செய்யலாம். முடிவு அதோடு செத்தது. இவ்வளவு கையில் இருக்கும் ஒருவர், தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் நிற்க முடியாது. அதனால் அவர் நம்மிடம் வந்து கணக்குச் சொல்லியாக வேண்டிய நாள் ஒன்றே ஒன்றுதான்: முதல் பதவிக்காலம் முடிந்து இரண்டாவதுக்கு நிற்கும் நாள். ஜெயித்துவிட்டால் அப்புறம் இந்தப் பதவிக்காக அவர் நம்மைப் பார்த்துப் பயப்பட வேண்டியதே இல்லை.

அந்த ஒரு நாளில் கவர்னர்கள் எப்படி ஆட்டம் கண்டிருக்கிறார்கள் என்று பழைய கதையைப் பாருங்கள். பிரெண்டன் பர்ன் 1976-ல் மாநில வருமான வரி கொண்டுவந்தவர். பள்ளிகளுக்கு நியாயமான வழியில் பணம் ஒதுக்கவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றமே அந்த ஜூலையில் பள்ளிகளை இழுத்து மூடியது. அதற்குப் பிறகுதான் சட்டமன்றம் அசைந்தது. ஒரே தடவையோடு ஆள் காலி என்று ஊரே கேலி பேசியது. மனிதர் 1977-ல் நின்று ஜெயித்தார். அதற்குப் பிறகு 44 வருடம், ஜனநாயகக் கட்சிக் கவர்னர் ஒருவர்கூட இங்கே இரண்டாம் முறை ஜெயித்ததில்லை. ஜிம் ஃப்ளோரியோ 280 கோடி டாலருக்கு வரியை ஏற்றிவிட்டு 1993-ல் கிறிஸ்டீன் விட்மனிடம் தோற்றார், வித்தியாசம் 26 ஆயிரம் சொச்சம். நாலு வருடம் கழித்து அதே விட்மன், கார் இன்ஷூரன்ஸ் கட்டணத்தில் கொதித்த வாக்காளர்களிடம் மாட்டிக்கொண்டு தப்பித்தார். அதுவும் 26 ஆயிரம் சொச்சம்தான். 2009-ல் ஜான் கோர்ஸைன் போனார், கிறிஸ் கிறிஸ்டி வந்தார்.

2021-ல் மர்ஃபிக்கு அப்படியொன்றும் ஆகாது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மன்மத் பல்கலைக்கழகக் கருத்துக்கணிப்பு 11 புள்ளி முன்னிலை என்றது. எண்ணத் தொடங்கியதும் கதை மாறிவிட்டது. வரிதான் ஒரே கவலை என்றால் இது உங்களுக்கான மாநிலம் இல்லை என்ற பொருளில் மர்ஃபி 2019-ல் பேசியதை சிட்டரெல்லி விளம்பரமாகப் போட்டு அடித்திருந்தார். அது வேலை செய்திருக்கிறது. மாநில செனட்டின் தலைவராகப் பல வருடம் கோலோச்சிய ஸ்டீவ் ஸ்வீனியை, எட்வர்ட் டர் என்ற லாரி டிரைவர் சொற்பச் செலவில் வீட்டுக்கு அனுப்பினார். மர்ஃபி ஜெயித்த செய்தி மறுநாள் மாலைதான் வந்தது. முடிவில் வித்தியாசம் 84 ஆயிரத்து சொச்சம், அதாவது மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். கருத்துக்கணிப்பு நடத்தியவர், நான் கோட்டை விட்டுவிட்டேன் என்று பத்திரிகையில் எழுதி ஒப்புக்கொண்டார்.

முந்தின வருடம் அதிபர் தேர்தலில் இதே மாநிலத்தில் 45 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. கவர்னருக்கு விழுந்தது 26 லட்சம். காணாமல் போன அந்தப் பத்தொன்பது லட்சத்தில் நானும் ஒருவன். உங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு சோபாவில் இருந்தவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள்.

யாருக்குப் போட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பயம் என்ன செய்யும் என்று மட்டும் பாருங்கள். இரவெல்லாம் நகம் கடித்து ஜெயித்த மர்ஃபி, அடுத்த மார்ச்சிலேயே சொத்து வரி நிவாரணத் திட்டம் ஒன்றை அறிவித்தார். ஆங்கர் என்று பெயர். வருமானம் ஒன்றரை லட்சம் டாலருக்குள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு 1,500 டாலர், அதற்கு மேல் இரண்டரை லட்சம் வரை 1,000 டாலர், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் 450 டாலர். நம்மில் பலர் வாங்கினோம், வாட்ஸாப்பில் லிங்க் அனுப்பிக்கொண்டோம். அந்தக் காசை நமக்குச் சம்பாதித்துக் கொடுத்தது அந்த நவம்பரில் கவர்னருக்கு வியர்க்க வைத்தவர்கள் என்பது என் கணிப்பு. சரி, சொத்து வரியை நிர்ணயிப்பது டவுன்ஷிப்பும் கவுண்டியும் பள்ளி வாரியமும்தானே, கவர்னர் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். அதில் பாதிக்கு மேல் பள்ளிக்குப் போகிறது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு மாநிலம் எவ்வளவு தருகிறது என்பது மாநிலத் தலைநகர் டிரென்டனில் முடிவாகிறது. அங்கே குறைந்தால் உங்கள் பில்லில் ஏறும். 2024-ல் மாநிலச் சராசரி பில் பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது.

ரயில் விஷயம் இதைவிட வயிற்றெரிச்சல். காலையில் மெட்ரோபார்க் நிலையத்தில் டிபன் டப்பாவும் லேப்டாப் பையுமாக நிற்கும் கூட்டத்தில் பாதித் தலை நம் தலை. நியூவார்க்கைத் தாண்டி வண்டி மூச்சு விடாமல் நிற்கும்போது ஆளுக்கு ஆள் போனைப் பார்ப்போம், "மறுபடியும் டன்னல்" என்று யாராவது சொல்வார். நியூயார்க் போக ஹட்சன் நதிக்கு அடியில் இருப்பது 1910-ல் திறந்த இரண்டு குழாய்கள். புதிதாக இரண்டு தோண்ட 2009-ல் வேலை ஆரம்பித்தது, 2018-ல் முடிந்திருக்க வேண்டியது. 2010 அக்டோபரில் கிறிஸ்டி அதை ரத்து செய்தார். செலவு கைமீறி மாநிலத்தின் தலையில் விழும் என்றார். அந்தக் கணக்கில் நியாயம் இருந்ததா என்பது தனி விவாதம், எனக்குத் திருப்தியில்லை. இரண்டு வருடம் கழித்து சாண்டி புயலில் பழைய குழாய்களில் உப்புத் தண்ணீர் புகுந்தது. 2013-ல் அவர் மீண்டும் நின்றபோது இந்தக் கேள்வியை அவரிடம் நேருக்கு நேர் கேட்டிருக்கலாம். அவர் 22 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். நாம் இன்னும் நியூவார்க்குக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறோம். 2024 ஜூலையில் கட்டணத்தையும் 15 சதவீதம் ஏற்றியாகிவிட்டது.

இப்போது பொங்கல் விழா நடத்தும் பொறுப்பாளர்களிடம் ஒரு வார்த்தை. தேர்தல் வருடத்தில் வேட்பாளர்கள் நம் மேடைக்கு வருகிறார்கள். பொன்னாடை போர்த்துகிறோம், அவர்கள் "வனக்கம்" என்கிறார்கள், கைதட்டுகிறோம், போட்டோ எடுக்கிறோம். அதோடு சரி. கேள்வி கேட்கலாமே என்றால், "அரசியல் பேசினால் சங்கத்தின் வரிவிலக்கு போய்விடும்" என்ற பதில் தயாராக இருக்கிறது. போகாது. சட்டம் தடுப்பது ஒரு வேட்பாளரை ஆதரிப்பதையும் எதிர்ப்பதையும்தான். எல்லாரையும் ஒரே மாதிரி அழைத்து, ஒரே கேள்விகளைக் கேட்டு, யார் பக்கமும் சாயாமல் கூட்டம் நடத்தலாம். வாக்காளர் பதிவுக்கு ஒரு மேஜை போடலாம். ஆயிரம் பேருக்குச் சாம்பார் சாதம் நேரத்துக்குப் பரிமாறத் தெரிந்த நமக்கு அந்த மேஜை ஒரு பெரிய வேலையா?

2025-ல் மர்ஃபி நிற்க முடியாது. சிட்டரெல்லி மறுபடி நின்றார், ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தத் தடவை 33 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. நானும் போனேன், பத்து நிமிட வேலை. கரண்ட் பில் எகிறியிருந்த வருடம் அது. அதற்குக் கடிவாளம் போடுவேன் என்றுதான் ஷெரில் ஓட்டுக் கேட்டார். இரண்டாவது தடவைக்கு நின்றால் 2029 நவம்பர் 6-ஆம் தேதி நம் முன்னால் வருவார். உங்கள் 2025 ஜூலை கரண்ட் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். நான் என்னுடையதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். அதற்கு முன் 2027 நவம்பர் 2-ஆம் தேதி சட்டமன்றத்தின் 120 இடங்களுக்கும் தேர்தல். கவர்னரின் பட்ஜெட்டில் கை வைக்கப் போவது அவர்கள்தான்.

குக்கருக்கு அடியில் வைக்க இந்திய மளிகைக் கடையில் மரத்தில் வட்டமாக ஒன்று கிடைக்கிறது. நான் வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
எடிசனிலிருந்து, 2021-ல் வீட்டிலேயே இருந்த ஒருவன்

பி.கு.: கிரீன் கார்டில் இருப்பவர்கள் தயவுசெய்து வாக்காளர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போது வாக்காளராகப் பதிவு செய்யவா என்று திரையில் ஒரு கேள்வி வரும், அவசரத்தில் "ஆம்" அழுத்திவிட்டால் பின்னால் குடியுரிமைக்கே வினையாகும். குடியுரிமை உள்ளவர்கள் தேர்தலுக்கு 21 நாள் முன்னதாகப் பதிவு செய்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை முடியாது என்பவர்களுக்கு, 2021 முதல் ஒன்பது நாள் முன்கூட்டியே போய்ப் போடும் வசதியும் இருக்கிறது. சனி, ஞாயிறும் உண்டு.