முடித்த சிட்டையில் ஏறிய எடை

திருநகர், மதுரை

அன்பு மாப்பிள்ளை,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்கு மூட்டுவலி கூடி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் பதில் தள்ளிப்போனது. இப்போது கம்பை ஊன்றி வாசல் வரைக்கும் வந்துவிடுகிறாள். உன்னைத்தான் முதலில் விசாரித்தாள். கல்லூரி நாளில் நம் வீட்டில் நீ சாப்பிட்ட கறிதோசை அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நிரல் எழுதும்போது மாணவர்கள் மெத்தடின் (ஒரு பொருளிடம் வேலை வாங்கும் கட்டளையின்) பெயரையும் அதற்குக் கொடுக்க வேண்டியதையும் சரியாக எழுதுகிறார்கள், எதற்குப் பிறகு எதை அழைப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள், இதை எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருந்தாய். போன தை மாதம் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். வகுப்பில் அப்படியே சொல்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குப் பைத்தானில் கணக்கு மென்பொருள் எழுதிக்கொடுத்திருந்தேன். விவசாயி கொண்டுவரும் மல்லிகையை எடை போட்டு, அன்றைய விலையைப் போட்டு, கமிஷனும் முன்பணமும் கழித்துச் சிட்டை கொடுக்க வேண்டும். நிரலில் சிட்டை என்பது ஒரு கிளாஸ், அதாவது ஒரு வகைப் பொருளுக்கான வார்ப்பு. விலைபோடு, எடைசேர், முடி, அச்சிடு என்று நான்கு மெத்தட். மொத்தத்தைக் கூட்டுவது 'முடி'யில்.

அன்று முகூர்த்த நாள், காலையில் கடையில் நிற்க இடமில்லை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா இரண்டு பை பூ கொண்டுவந்திருந்தார். முதல் பையை நிறுத்ததும் கடைப்பையன் அவசரத்தில் 'முடி'யை அழுத்திவிட்டு, இரண்டாம் பையையும் அதே சிட்டையில் ஏற்றினான். என் கிளாஸ் மறுக்கவில்லை. எடைப் பட்டியலில் ஏறியது, மொத்தத்தில் ஏறவில்லை. அச்சில் இரண்டு எடையும் இருக்கிறது, காசு மட்டும் ஒரு பைக்கு. அந்த அம்மா சிட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலே முக்கா கிலோ எங்கய்யா போச்சு?" என்றார். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். இருட்டோடு எழுந்து மொட்டு மொட்டாகப் பறித்த பூ மாப்பிள்ளை அது. உடனே பணத்தைக் கொடுத்துவிட்டோம். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ராத்திரி உட்கார்ந்து பழைய சிட்டைகளை எல்லாம் புரட்டினேன். இன்னும் இரண்டு பேருக்கு இதே மாதிரி குறைந்திருந்தது. அவர்களையும் தேடிக் கொடுத்தோம்.

நிரலைச் சோதிக்க நான் டெஸ்ட் எழுதாமல் இல்லை. சிட்டைக்குப் பதிலாக ஒரு மாக் பொருளை, அதாவது அசலைப் போல நடிக்கும் போலியை வைத்து, 'முடி' ஒருமுறை அழைக்கப்பட்டதா என்று பார்த்திருந்தேன். எல்லாம் பச்சை, அதாவது தேர்ச்சி. ஆனால் மாக் எதைக் கேட்டாலும் சரி என்று தலையாட்டும். ஒருமுறை அழைத்தோமா என்று எண்ணினேனே தவிர, எடைக்கு முன்னா பின்னா என்று பார்க்கவில்லை. பைத்தான் 3.5-க்கு முன்பு இதைவிட மோசம். ஒருமுறை அழைத்தோமா என்று சோதிக்கும் 'அசெர்ட் கால்ட் ஒன்ஸ்' என்ற மெத்தடே மாக்கில் கிடையாது, 3.6-ல்தான் வந்தது. 3.5-க்கு முன் அதை எழுதியவர்களுக்கு, மாக் அந்தப் பெயரையும் ஏற்றுக்கொண்டு, எதையும் சோதிக்காமலே டெஸ்டைத் தேற்றிவிட்டது. ஆட்டோஸ்பெக் வைத்து மாக் செய்யச் சொல்லிப் பழக்கு. அசல் கிளாஸில் இல்லாத பெயரை அது ஏற்காது.

அழைக்கும் வரிசை தப்பினால் பொருளே கத்த வேண்டும். ஜாவா மொழியில் ஒரு பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லும் இட்டரேட்டரை உதாரணம் காட்டு. அடுத்ததை எடுக்கும் ஒரு 'நெக்ஸ்ட்'டுக்கு, அதை நீக்கும் ஒரு 'ரிமூவ்'தான். 'ரிமூவ்'வை இரண்டாவது தடவை அழைத்தால் இல்லீகல் ஸ்டேட் எக்ஸெப்ஷன் என்ற பிழை வரும். ஆனால் அதுவும் ஓடும்போதுதான் தெரியும், நிரல் ஓடுவதற்கு முன் அதை மொழிபெயர்க்கும் கம்பைலர் வாய் திறக்காது. 1986-லேயே ஐபிஎம்மில் ராபர்ட் ஸ்ட்ராமும் ஷாவுலா யெமினியும் இதற்கு 'டைப்ஸ்டேட்' என்று ஒரு வழி சொன்னார்கள். ஒரு பொருளால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதை டைப், அதாவது அதன் வகை, சொல்லும், அதில் இந்த இடத்தில், இந்த நிலையில் எது செல்லும் என்பதை டைப்ஸ்டேட் சொல்லும். அதையும் ஓடுவதற்கு முன்பே சோதித்துவிடலாம்.

நான் என்ன செய்தேன் என்றால், கிளாஸை இரண்டாக உடைத்தேன். திறந்த சிட்டையில் விலைபோடு, எடைசேர், முடி. 'முடி'யை அழைத்தால் முடிந்த சிட்டை என்ற வேறொரு பொருள் கிடைக்கும், அதில் அச்சிடு மட்டும்தான். முடிந்த சிட்டையில் எடைசேர் என்று எழுதினால் நிரலை ஓட்டாமலே டைப்பைச் சரிபார்க்கும் மைபை அங்கேயே பிடித்துவிடுகிறது. கடைப்பையன் திரையிலும் எடைப் பட்டன் மறைந்துவிடும். ஒரு ஓட்டை மட்டும் பாக்கி: பழைய திறந்த சிட்டையை வேறொரு வேரியபிள் பிடித்துக்கொண்டிருந்தால் பைத்தான் தடுக்காது. ரஸ்ட் மொழியில் 'முடி' அந்தப் பொருளையே எடுத்துக்கொள்ளும்படி எழுதலாம், பிறகு பழைய பெயரைத் தொட்டால் கம்பைல் ஆகாது. எனக்கு அந்த வசதி இல்லை என்பதால், முடித்தாயிற்றா என்று எடைசேருக்குள்ளும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன், தப்பாக அழைத்தால் எர்ரர் எறியும்.

அடுத்த லேபில் சரியான நிரலை எழுதச் சொல்லாதே. ஒரு கிளாஸைக் கொடுத்து, கம்பைலர் விட்டுவிடுகிற தப்பான அழைப்புகளை எழுதிக்கொண்டு வரச் சொல். அவற்றில் எத்தனையை கிளாஸை மாற்றியே அடைக்க முடியும் என்று அதற்கடுத்த வாரம் கேள். அவர்கள் எழுதியதை எனக்கும் அனுப்பு, படிக்க ஆசையாக இருக்கிறது.

சித்திரைக்கு வருவாய்தானே? எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில், நாம் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நிற்போம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. அம்மா காத்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்